மூச்சுக்குழாய் சிலியா யார் சொல்லி வேகமெடுக்கிறது? தூண்டல் முதல் துடிப்பு வரை படிப்படியாக

மூக்கின் உள்சுவரில் ஒரு சிறிய பிரஷ்ஷை ஒருமுறை சுழற்றி எடுத்து, ஒட்டிவந்த செல்களை உடல் சூட்டிலேயே வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது செல் அல்ல, ஒரு மினுமினுப்பு. செல் கூட்டத்தின் ஓரம் முழுக்க, காற்றடிக்கும் குளத்தில் வெயில் பட்ட மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும். வழிதவறி மிதந்து வரும் ஒரு சிவப்பணு அந்த ஓரத்தை நெருங்கியதும், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல விருட்டென்று ஓடும். தள்ளியது சிலியா. பள்ளிப் புத்தகத்தில் குறுஇழை என்று படித்தோமே, அதுதான்.

இந்தத் துடிப்பு நின்றால் சளி நகராது, சளி நகராவிட்டால் அதில் ஒட்டிய தூசும் கிருமியும் உள்ளேயே தங்கிவிடும். இதுவரை யாருக்கும் சிக்கலில்லை. வேகமாக அடி, மெதுவாக அடி என்று அந்த இழைகளுக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டால்தான் திணறல் வருகிறது. நரம்புதான் என்று சொல்லிவிட முடியாது. தட்டில் வளர்த்த, நரம்பே இல்லாத செல்களும் தூண்டினால் வேகம் கூட்டுகின்றன. பதில் அந்தச் செல்லுக்குள்ளும் அதன் பக்கத்து வீட்டுச் செல்லுக்குள்ளும் இருக்கிறது.

இதை விளக்கும் படங்களில் அம்புக்குறிகள் காடாக மண்டிக்கிடக்கும். ஒரே நேரத்தில் எல்லா அம்புகளையும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொன்றாகப் போவோம். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சமிக்ஞை சிலியாவை ஓடவைப்பதில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சமிக்ஞை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது, கூடவே அந்த ஓட்டத்துக்கு வேண்டிய தண்ணீரை ஏற்பாடு செய்கிறது. தண்ணீர்ப் பக்கத்தை மறந்துவிட்டு வேகத்தை மட்டும் படிப்பவர்கள்தான் அதிகம்.

முதல் படி: எஞ்சினைத் தனியே பாருங்கள்

ஒரு சிலியா செல்லின் தலையில் ஏறக்குறைய 200 முதல் 300 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரோமீட்டர் நீளம், கால் மைக்ரோமீட்டர் தடிமன். குறுக்கே வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டமாக 9 இரட்டை நுண்குழல்கள், நடுவில் 2 ஒற்றை நுண்குழல்கள். இதைத்தான் 9+2 அமைப்பு என்கிறார்கள். ஒவ்வொரு இரட்டையிலிருந்தும் பக்கத்து இரட்டையை நோக்கிக் கைகள் நீளும். அந்தக் கைகள் டைனீன் என்ற புரதம். 1965இல் அந்தப் பெயரை வைத்தவர் இயன் கிப்பன்ஸ்.

டைனீன், செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூற்றை உடைத்து, அந்த ஆற்றலில் பக்கத்து நுண்குழலைப் பிடித்து இழுக்கிறது. நுண்குழல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். ஆனால் அடியில் எல்லாம் கட்டிவைக்கப்பட்டிருப்பதால் வழுக்க முடியாமல் இழை வளைகிறது. ஒரு பக்கத்துக் கைகள் இழுத்து முடித்ததும் எதிர்ப்பக்கத்துக் கைகள் இழுக்கும். இப்படி மாறி மாறி, நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை.

கைகளில் இரண்டு வரிசை உண்டு. வெளிக்கைகள் பெரும்பாலும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன, உட்கைகள் வளைவின் வடிவத்தை. வெளிக்கை இல்லாத கிளமிடோமோனாஸ் பாசி வகைகள் கிட்டத்தட்ட பாதி வேகத்தில்தான் கசையை அடிக்கும். வெளிக்கைகள் 24 நானோமீட்டருக்கு ஒன்று வீதம் இருக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7 மைக்ரோமீட்டர் நீளத்தில் ஒரு இரட்டைக்கு 290 சொச்சம், ஒன்பது இரட்டைக்கு 2,600 சொச்சம், 200 இழைகளுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். ஒரே ஒரு செல்லின் தலையில் இத்தனை மோட்டார்கள்.

இதில் நான் மிகவும் ரசிக்கும் சோதனை பழையது. சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருளால் இழையின் சவ்வைக் கரைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் ஏற்பி போய்விடும், செல் போய்விடும், எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். அதற்கு ஏடிபியும் மக்னீசியமும் கொடுத்தால் மறுபடி துடிக்க ஆரம்பித்துவிடும். கட்டளையிட யாருமே இல்லாத இடத்தில் துடிப்பு. இனி வரும் படிகளில் சமிக்ஞை என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எலும்புக்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, சமிக்ஞை அதை எட்டிப்போடச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: இழை எதற்குள் நிற்கிறது?

இழைகள் சளிக்குள் நிற்பதில்லை. அவற்றைச் சுற்றி, அவற்றின் உயரத்துக்கே, நீர்த்தன்மையுள்ள ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. அதன்மேல்தான் சளிப் படலம் மிதக்கிறது. முன்னோக்கி அடிக்கும்போது இழை விறைப்பாக நிமிர்ந்து, நுனியால் சளியின் அடிப்பக்கத்தைத் தொட்டுத் தள்ளும். திரும்பும்போது வளைந்து குனிந்து, நீர் அடுக்குக்குள்ளேயே பதுங்கி வரும். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி அடித்தால் சளி முன்னும் பின்னும் ஆடுமே தவிர நகராது.

அந்த நீர் அடுக்கு வெறும் தண்ணீர் அல்ல என்பது 2012இல் தெளிவானது. இழைகளின் மேல் வேர்விட்டு நிற்கும் பெரிய சர்க்கரைப் புரதங்கள் அங்கே ஒரு பிரஷ் மாதிரி அடர்ந்திருக்கின்றன. மேலே உள்ள சளி காய்ந்து கெட்டியானால் அது இந்தப் பிரஷ்ஷிலிருந்து நீரை உறிஞ்சி அதை நசுக்கும், இழை மடங்கிப்போகும். எட்டாம் படிக்கு இது தேவைப்படும்.

எந்தத் திசையில் அடிப்பது என்பது அன்றாடச் சமிக்ஞையின் வேலை அல்ல. செல் உருவாகும்போதே இழையின் அடிக்கட்டை ஒரு பக்கம் பார்த்து நடப்பட்டுவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி எதிலாவது முட்டினால் அதன் உடலுக்குள் கால்சியம் பாயும், சிலியா திசை மாறி அடிக்கும், அது பின்னால் நீந்தும். மட்டியின் செவுள் ஓரச் சிலியாவில் கால்சியம் ஏறினால் துடிப்பு நின்றே போகும். நம் மூச்சுக்குழாயில் அதே கால்சியம் ஏறினால் வேகம் கூடுகிறது. ஒரே சொல்லை மூன்று ஊரில் மூன்று அர்த்தத்தில் பேசுவது மாதிரி. அதனால் பாரமீசியத்தில் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஒட்டவைக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

மூன்றாம் படி: முதல் தட்டல்

ஒரு தூசுக்கட்டி சளிமேல் விழுகிறது, அல்லது இருமல் வருகிறது, அல்லது சும்மா மூச்சுக் காற்று உரசிக்கொண்டு போகிறது. செல்லின் மேற்பரப்பு லேசாக அழுந்துகிறது. அழுந்திய செல் ஏடிபியை வெளியே விடுகிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். செல்லுக்குள் எரிபொருளாக இருக்கும் அதே ஏடிபிதான் வெளியே வந்ததும் தூதுவன் ஆகிவிடுகிறது. உள்ளே அது மில்லிமோலார் அளவில் கொட்டிக்கிடக்கிறது, வெளியே மேற்பரப்பு நீரில் நானோமோலார் அளவில்தான் இருக்கும். இப்படி ஒரு வித்தியாசம் இருக்கும்போது துளி கசிந்தாலும் வெளியே பெரிய சத்தமாகக் கேட்கும். பேனெக்சின் 1 என்ற வாய்க்கால் வழியாகவும், சிறு பைகளில் அடைத்தும் செல் அதை வெளியேற்றுகிறது.

வெளியே வந்த ஏடிபி, சிலியா செல்லின் மேல்முகத்தில் இருக்கும் பி2ஒய்2 ஏற்பியில் போய் உட்காருகிறது. தன் வீட்டுக் கதவிலும் உட்காரும், பக்கத்து வீட்டுக் கதவிலும் உட்காரும். ஆனால் அதன் ஆயுள் குறைவு. செல்லின் வெளிமுகத்தில் ஏடிபியை வெட்டும் நொதிகள் காத்திருக்கின்றன. அவை பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் அடினோசின் மட்டும் மிஞ்சும்படி செய்துவிடும். அந்த அடினோசினும் வீண் அல்ல, ஐந்தாம் படியில் வேலைக்கு வரும்.

நான்காம் படி: கால்சியம்

பி2ஒய்2 ஏற்பி தூண்டப்பட்டதும் அதன் உட்பக்கம் இருக்கும் ஜி-கியூ புரதம் விழித்துக்கொள்ளும். அது பாஸ்போலைப்பேஸ் சி என்ற நொதியை எழுப்பும். அந்த நொதி சவ்வில் இருக்கும் பிப்2 என்ற கொழுப்பை இரண்டாக வெட்டும். ஒரு துண்டின் பெயர் ஐபி3. அது சவ்வை விட்டுக் கழன்று உள்ளே போய், எண்டோபிளாச வலையின் கால்சியம் கிடங்கைத் திறக்கும். மறு துண்டு சவ்விலேயே தங்கும், அதை ஏழாம் படியில் பார்ப்போம்.

ஓய்வாக இருக்கும் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல். செல் தன் உயிரைக் கொடுத்து இந்த வித்தியாசத்தைக் காப்பதே, கதவைத் திறந்த நொடியில் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். கிடங்கு திறந்ததும் கால்சியம் சில மடங்கு ஏறுகிறது. கூடவே வேகமும் ஏறுகிறது, ஓரிரு நொடிக்குள். அப்புறம் டிஆர்பிவி4 போன்ற சவ்வு வாய்க்கால்கள் வழியாக வெளியிலிருந்தும் கால்சியம் வந்து அந்த ஏற்றத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும்.

ஒரு செல்லோடு இது நிற்காது. 1990இல் சாண்டர்சன், சார்ல்ஸ், டர்க்சன் மூவரும் முயலின் மூச்சுக்குழாய் செல்களைத் தட்டில் வளர்த்து, கண்ணாடி ஊசி நுனியால் ஒரே ஒரு செல்லைத் தொட்டார்கள். தொட்ட செல்லில் கால்சியம் ஏறியது. பிறகு அதன் அண்டைச் செல்களில், பிறகு அவற்றின் அண்டைச் செல்களில். குளத்தில் கல் விழுந்த மாதிரி வட்டமாக அலை விரிந்தது, அலை போன வழியெல்லாம் சிலியா வேகமெடுத்தது. செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே ஐபி3 நுழைந்து போவது ஒரு வழி, வெளியே விட்ட ஏடிபி பரவுவது இன்னொரு வழி. தூசு விழுந்தது ஓரிடம், ஆனால் அதை அப்புறப்படுத்தப் பாதை முழுக்க வேகம் வேண்டுமல்லவா? ஒரே ஒரு செல் மட்டும் வேகமாக அடித்து என்ன பயன்.

கால்சியம் டைனீனை நேரடியாகத் தொடுகிறதா, அல்லது கால்மோடுலின் போன்ற இடைத்தரகர் வழியாகவா என்ற வாதம் நீண்டகாலமாக நடக்கிறது. நம் வேலைக்கு ஒன்று போதும்: கால்சியம் வேகமான, குறுகிய கட்டளை. உச்சிக்குப் போய்விட்டு நிமிடக்கணக்கில் இறங்கிவிடும்.

ஐந்தாம் படி: சைக்ளிக் ஏஎம்பி, அதாவது நின்று பேசும் கட்டளை

கால்சியம் இறங்கிய பிறகும் பல சோதனைகளில் வேகம் பழைய நிலைக்கு உடனே திரும்புவதில்லை. யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்த யாரோ, செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு.

ஏடிபி வெட்டுப்பட்டு மிஞ்சிய அடினோசின், ஏ2பி என்ற இன்னொரு ஏற்பியில் உட்காரும். அது ஜி-எஸ் புரதத்தைத் தூண்டும், அது அடினைலைல் சைக்ளேஸ் நொதியைத் தூண்டும், அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பியைச் செய்யும். அட்ரினலின் போன்றவை உட்காரும் பீட்டா-2 ஏற்பியும் இதே பாதையில்தான் வருகிறது. ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் சால்ப்யூட்டமால் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவதோடு சிலியாவையும் மிதமாக வேகப்படுத்துவது இதனால்தான்.

சைக்ளிக் ஏஎம்பி போய் எழுப்புவது புரோட்டீன் கைனேஸ் ஏ. அதன் தொழில் பாஸ்பேட் ஒட்டுவது. சிலியாவுக்குள்ளேயே அதைக் கட்டிப்போட்டு வைக்கும் நங்கூரப் புரதங்கள் இருப்பதால், அது அலைந்து திரிய வேண்டியதில்லை, டைனீன் பக்கத்திலேயே நிற்கிறது. பாரமீசியத்தில் இந்த நொதி வெளிக்கை டைனீனோடு சேர்ந்த ஒரு சிறு சங்கிலிக்குப் பாஸ்பேட் ஒட்டுவதும், ஒட்டியதும் நுண்குழல் வழுக்கும் வேகம் கூடுவதும் காட்டப்பட்டிருக்கிறது. கால்சியம் விஷயத்தில் நிதானம் கேட்ட நானே இங்கே பாரமீசியத்தைக் கொண்டுவருகிறேன். ஆனால் வேகம் கூடும் திசை இரண்டிலும் ஒன்றுதான்.

ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற நேரமாகும். அதனால்தான் இந்தக் கட்டளை மெதுவாக ஏறி, நெடுநேரம் நிற்கிறது. நிறுத்துவதற்கு பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகள் சைக்ளிக் ஏஎம்பியை உடைத்துக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் இந்தப் பாதையை மட்டும் திறக்க வேண்டுமென்றால் ஃபோர்ஸ்கோலின் போடுவார்கள். ஏற்பியைத் தாண்டி நேராக நொதியையே தூண்டும் பொருள் அது, மருந்துக் கூர்க்கன் செடியின் கிழங்கிலிருந்து கிடைப்பது.

சிலியா செல்லில் இன்னொரு தனி வகை சைக்ளேஸும் உண்டு. அது ஏற்பியைப் பார்ப்பதில்லை, செல்லுக்குள் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வேலை செய்கிறது.

ஆறாம் படி: நைட்ரிக் ஆக்சைடும் கசப்பும்

கால்சியம் ஏறினால் நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதியும் விழித்துக்கொள்ளும். இந்த வாயு கரையும் வகை குவானைலைல் சைக்ளேஸை எழுப்ப, சைக்ளிக் ஜிஎம்பி உண்டாகும், அது புரோட்டீன் கைனேஸ் ஜியை எழுப்பும். மறுபடி பாஸ்பேட், மறுபடி வேகம். இந்த வழியை அடைத்துவிட்டால் பீட்டா-2 தூண்டலுக்குக் கிடைக்கும் வேகமும் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, பாதைகள் தனித்தனித் தெருக்கள் அல்ல, உள்ளே சந்துகளால் இணைந்தவை.

இந்தப் படியில் என்னை அசரவைப்பது வேறொன்று. நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் மூச்சுக்குழாய்ச் சிலியாவின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. 2009இல் இது வெளிவந்தது. கசப்புப் பொருளை விட்டால் கால்சியம் ஏறி, துடிப்பு வேகமெடுக்கிறது. மூளைக்குச் செய்தி போகவில்லை, நாமும் கசப்பை உணரவில்லை. இழையே நாக்காக இருந்து, இழையே காலாக ஓடுகிறது.

கசப்பு அங்கே எங்கிருந்து வரும்? 2012இல் அதற்கும் விடை வந்தது. சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் கூட்டம் சேரும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒருவகை லாக்டோன் மூலக்கூறுகளை விடுகின்றன. டி2ஆர்38 என்ற கசப்பு ஏற்பி அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கிறது. கேட்டதும் கால்சியம், நைட்ரிக் ஆக்சைடு, வேகம். அந்த நைட்ரிக் ஆக்சைடே கிருமியையும் கொல்கிறது. வகுப்பறையில் ஒரு காகிதத் துண்டை நாக்கில் வைத்து, சிலருக்குக் கடும் கசப்பு, சிலருக்கு வெறும் காகிதம் என்று பிரிக்கும் பிடிசி சோதனை நினைவிருக்கிறதா? அதே மரபணுதான். காகிதம் கசக்காதவர்களின் மூக்குச் செல்கள் அந்த லாக்டோனுக்கும் மந்தமாகத்தான் பதில் சொல்கின்றன.

ஏழாம் படி: பிரேக்

நான்காம் படியில் பிப்2 வெட்டுப்பட்டபோது ஒரு துண்டு சவ்விலேயே தங்கியது அல்லவா? டைஅசைல்கிளிசரால் என்ற அது, புரோட்டீன் கைனேஸ் சியைத் தூண்டும். மூச்சுக்குழாயில் இந்தக் கைனேஸ் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கும் பக்கம் நிற்கிறது. ஒரே வெட்டில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் பிறக்கின்றன, முந்துவது ஆக்சிலரேட்டர்.

செல்லுக்குள் அமிலத்தன்மை கூடினால் வேகம் குறையும், காரத்தன்மை கூடினால் ஏறும். இதற்குக் கைனேஸ் எதுவும் வேண்டாம், டைனீனே நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. குளிரும் அப்படித்தான், அறைச் சூட்டுக்கு இறங்கினாலே வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

மது ஒரு விசித்திரமான உதாரணம். கொஞ்ச நேரம், கொஞ்சமாகப் பட்டால் நைட்ரிக் ஆக்சைடு வழியாக வேகம் கூடும். நாட்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பாதையே மரத்துப்போகும், பிறகு பீட்டா-2 மருந்து கொடுத்தாலும் சிலியா அசைந்துகொடுக்காது. மதுவோடு புகையும் சேர்ந்தால் புரோட்டீன் கைனேஸ் சி விழித்து, இருந்த வேகமும் குறையும். மாட்டின் மூச்சுக்குழாய் செல்களிலும் ஆய்வக எலிகளிலும் இது படிப்படியாகக் காட்டப்பட்டிருக்கிறது.

எட்டாம் படி: தண்ணீரை மறக்காதீர்கள்

இதுவரை பார்த்த ஒவ்வொரு தூதுவனையும் மறுபடி எடுத்து, தண்ணீர்ப் பக்கம் என்ன செய்கிறான் என்று பாருங்கள். புரோட்டீன் கைனேஸ் ஏ டைனீனோடு நிற்பதில்லை, சிஎஃப்டிஆர் வாய்க்காலையும் திறக்கிறது. அதன் வழியே குளோரைடும் பைகார்பனேட்டும் வெளியேறும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். கால்சியம் வேறொரு குளோரைடு வாய்க்காலைத் திறக்கிறது. எதிர்த்திசையில் சோடியத்தை உள்ளே இழுத்து நீரைக் குறைக்கும் ஈனாக் என்ற வாய்க்கால் திறந்திருக்க பிப்2 வேண்டும். பாஸ்போலைப்பேஸ் அந்தப் பிப்2வை வெட்டியதும் ஈனாக்கும் ஓய்ந்துவிடும். வேகத்தைக் கூட்டிய அதே வெட்டு, நீர் வீணாவதையும் தடுக்கிறது. இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் உயிரியலில் அதிகம் பார்த்ததில்லை.

மூச்சு விடுவதே இந்த ஏற்பாட்டுக்குத் தீனி. உள்ளே வெளியே போகும் காற்றின் உரசலைப் போலவே தட்டிலுள்ள செல்களை அசைத்துக்கொண்டிருந்தால் அவை ஏடிபி விட்டுக்கொண்டே இருந்து, நீர் அடுக்கின் உயரத்தைக் காப்பாற்றிக்கொள்கின்றன. 2005இல் வந்த அந்த ஆய்வில், சிஎஃப்டிஆர் பழுதான செல்கள்கூட அசைவு இருக்கும்வரை ஏடிபியின் தயவில் ஓரளவு சமாளித்தன. ஆர்எஸ்வி வைரஸ் தொற்றியதும் கதை மாறியது: ஏடிபியை வெட்டும் நொதிகள் பெருகின, தூதுவன் அழிந்தான், நீர் அடுக்கு சரிந்தது.

சிஎஃப்டிஆர் பழுதாவதால் வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் டைனீன் நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சினில் குறையில்லை, தண்ணீர்தான் இல்லை. காய்ந்த சளி பிரஷ்ஷை நசுக்க, இழை அதன்கீழ் மாட்டிக்கொள்கிறது. பி2ஒய்2 ஏற்பியைத் தூண்டும் டெனுஃபோசால் என்ற மருந்தின்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது, 2011இல் முடிந்த கடைசிக் கட்டச் சோதனையில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நொடிகளில் ஏறி நிமிடங்களில் இறங்கிவிடும் ஒரு கட்டளையை நாள் முழுக்க நீட்டிப்பது அவ்வளவு எளிதல்ல என்பதே என் எண்ணம். 2012இல் அனுமதி பெற்ற ஐவகாஃப்டர், சிஎஃப்டிஆர் மரபணுவில் ஜி551டி என்ற குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த வாய்க்காலையே திறந்துவிட்டது, அவர்களுடைய சளி நகரும் வேகம் தெளிவாகக் கூடியது.

மறுபக்கம், எஞ்சினே பழுதான நோயும் உண்டு. 1976இல் பியோர்ன் அஃப்ஸீலியஸ், அசையாத விந்தணுவும் தீராத சளித்தொல்லையும் உள்ள ஆண்களின் சிலியாவில் டைனீன் கைகளே இல்லை என்று காட்டினார். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். கருவில் இடம் வலம் பிரிப்பதும் சிலியாவின் வேலை என்பதுதான் காரணம். இவர்களுக்கு எத்தனை தூதுவனை அனுப்பினாலும் பயனில்லை, கட்டளையை வாங்கிக்கொள்ளக் கை இல்லை. மூக்குக் காற்றில் இவர்களுக்கு நைட்ரிக் ஆக்சைடு மிகக் குறைவாக இருப்பதால், நிமிடத்துக்கு 77 நானோலிட்டருக்குக் கீழே வந்தால் சந்தேகிக்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் அது குறையலாம் என்பதால் அதை முதலில் விலக்கிவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: கண்ணால் பார்த்து அளப்பது

பிரஷ் மாதிரி எடுப்பதைப் பயிற்சி பெற்றவர் செய்யட்டும். மரத்துப்போகும் மருந்து போடாமல் எடுப்பதே வழக்கம், லிடோகெய்ன் சிலியாவை மந்தமாக்கும். சளிக்காய்ச்சல் வந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள், தொற்று செல்களையே உதிர்த்துவிடும். செல்களை வளர்ப்பு ஊடகத்தில் விட்டு, நுண்ணோக்கியின் மேடையை 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, அந்தச் சூடு நிலைத்த பிறகு பாருங்கள். சொந்த அனுபவம்: ஒருமுறை மேடையின் சூட்டைப் போட மறந்துவிட்டு, நொடிக்கு 6 என்று வந்ததைப் பார்த்து நோய்தான் என்று முக்கால்வாசி முடிவே செய்துவிட்டேன். சூடேறியதும் அதே செல்கள் 12க்கு வந்தன.

கேமரா வேகம் முக்கியம். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 12 முறை துடிக்கும் இழைக்கு ஒரு துடிப்புக்கு இரண்டரை படம்தான் கிடைக்கும், அதில் எதையும் நம்ப முடியாது. 400 அல்லது 500 படம் எடுக்கும் கேமரா வேண்டும். பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டி, ஒரே இழைக்கட்டு பத்து முழுத் துடிப்பு அடிக்க எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள். 500 வேகத்தில் எடுத்து, பத்துத் துடிப்புக்கு 400 படம் ஆனால், 500 பெருக்கல் 10 வகுத்தல் 400, நொடிக்கு 12.5. இப்படிப் பல இடங்களில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும்.

இப்போது சமிக்ஞையைச் சோதிக்கலாம். முதலில் எதையும் சேர்க்காமல் அடிப்படை வேகம். பிறகு வெறும் ஊடகம், மருந்தில்லாமல். இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசை வரும், தாண்டாதீர்கள். நான் தாண்டியிருக்கிறேன். மருந்து விட்டதும் வேகம் துள்ளியது, மகிழ்ச்சியில் குறித்தும் வைத்தேன். மறுநாள் வெறும் ஊடகத்தை விட்டபோதும் அதே துள்ளல். பிப்பெட்டிலிருந்து விழுந்த நீரின் உரசலே செல்லைத் தட்டி, அது ஏடிபியைக் கக்கியிருக்கிறது. மூன்றாம் படியைப் படித்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அதிலிருந்து, திரவம் மாற்றினால் பதினைந்து இருபது நிமிடம் காத்திருப்பது, மெல்ல ஓரமாக விடுவது, ஏடிபியை உடைக்கும் அபைரேஸ் நொதியை ஒரு தட்டில் சேர்த்து ஒப்பிடுவது என்று பழகிக்கொண்டேன்.

அப்புறம் 100 மைக்ரோமோலார் ஏடிபி. சில நொடியில் கோடு செங்குத்தாக ஏறி, பிறகு சரியும். அந்த உச்சி கால்சியம். சரிந்த பிறகும் அடிப்படைக்கு மேல் தங்கிநிற்கும் தோள்பட்டையில் சைக்ளிக் ஏஎம்பிக்குப் பங்கு உண்டு. வேறொரு தட்டில் 10 மைக்ரோமோலார் ஃபோர்ஸ்கோலின் விடுங்கள். உச்சி இருக்காது, மெதுவாக ஏறிப் படுத்துக்கொள்ளும் ஒரு மேடு மட்டும். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் நான்காம் படியும் ஐந்தாம் படியும் உங்கள் எதிரே இருக்கும்.

எண்ணிக்கை முடிந்ததும் வீடியோவை மூடிவிடாமல் வடிவத்தையும் பாருங்கள். டைனீனின் ஒரு பகுதிக்கான டிஎன்ஏஎச்11 மரபணுவில் பழுதுள்ளவர்களின் மாதிரியில் எண் சரியாக, ஏன் கூடுதலாகவே வரும். மின்னணு நுண்ணோக்கியிலும் டைனீன் கைகள் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இழை வளையாமல், குச்சி மாதிரி விறைத்து, அடிப்பக்கத்தில் மட்டும் படபடவென்று நடுங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மிதக்கும் சிவப்பணு நகராது.